சுவருக்கு முன்னால் வந்த கதவு

"மனை உனக்கு. மண்ணு எனக்கு."

மிராசுதார் சொன்னது இவ்வளவுதான் என்று அந்த ஊரில் எல்லோரும் சொன்னார்கள். கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, வழி கேட்டவனுக்கு வழி சொல்வதுபோலச் சொன்னாராம்.

குடியிருப்பவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்திருந்த காலம் அது. அவர் பண்ணையில் தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் அதுவரை களத்து மேட்டை ஒட்டிக் குடிசை போட்டிருந்தன. சட்டப்படி அந்த மேடு அவர்களுக்குப் போக வேண்டும். பெரிய மனிதர்கள் கூடிப் பேசினார்கள். மேட்டை அவர் வைத்துக்கொள்வது, அதற்குப் பதில் வாய்க்காலோரத்தில் ஒரு பள்ளத்தை மனையாகப் பிரித்துக் கொடுப்பது என்று முடிந்தது. பேசி முடித்தவர்களில் கறுப்பு சிவப்புக் கரை வேட்டி கட்டியவரும் இருந்தார், அவர் மிராசுதாரின் மருமகன். பட்டா கைக்கு வந்தது. ஆனால் வீடு கட்ட மண் வேண்டும், மூங்கில் வேண்டும், கூரைக்குக் கீற்று வேண்டும். குளம் அவருடையது. மூங்கில் கொல்லை அவருடையது. தென்னந்தோப்பும் அவருடையதுதான். சட்டம் எழுதியவர்களுக்கு வீடு எதனால் ஆகும் என்று யாரும் சொல்லவில்லைபோல.

நான் பூதலூர்ப் பக்கம் பிறந்தவன். எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டேன். பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை. அதன்பிறகு அரிசி ஆலையில் நெல் அவித்தேன், உப்பளத்தில் பாத்தி மிதித்தேன், தரங்கம்பாடியில் பழைய வீடுகளை இடிக்கும் ஒப்பந்தக்காரரிடம் கடப்பாரை பிடித்தேன். ஒரு நடவுக்கும் ஓர் அறுப்புக்கும் இடைப்பட்ட காலம் ஒரே ஊரில் இருந்தால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும்.

நன்னிலத்தில் ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் நாலைந்து பேர் சாயங்காலங்களில் கூடுவார்கள். புதிதாக மனை கிடைத்த ஊர்களுக்குப் போய் வீடு எழும்பும்வரை கைகொடுப்பது அவர்கள் வேலை. கூலி கிடையாது. அந்த ஊரில் என்ன பொங்குகிறார்களோ அதில் ஒரு வாய் உண்டு. சங்கத்துக்குப் பெயர் வைக்க வேண்டும் என்று அவர்களில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசிவரை வைக்கவில்லை. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டப் போனவன் அவர்கள் பேச்சில் மாட்டிக்கொண்டேன். வீடுகளை இடித்தவனுக்குக் கட்டவும் தெரியும் என்று நினைத்து என்னை அந்த ஊருக்கு அனுப்பினார்கள். கட்டத் தெரியாது. ஆனால் சுவர் எந்த இடத்தில் விழும் என்று எனக்குத் தெரியும். அது பாதி வித்தை என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன்.

அங்கே போன அன்றைக்கே அந்த அக்காவைப் பார்த்துவிட்டேன். பள்ளத்தின் கோடியில், வாய்க்காலை ஒட்டிய கடைசி மனையில், ஒன்றுமில்லாத தரையின் நடுவில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். புருஷன் பாம்பு கடித்து வரப்பிலேயே போனவர். ஒரே பெண்ணைக் கட்டிக்கொடுத்தாயிற்று. மற்றவர்களுக்காவது களத்து மேட்டில் பழைய குடிசை இன்னும் நின்றது. அவருக்கு அதுவும் இல்லை. பண்ணையின் மாட்டுக்கொட்டகைக் கோடியில் ஒரு மறைப்பைக் கட்டிக்கொண்டு, சாணி அள்ளி, கழுநீர் வைத்துக் காலம் தள்ளியவர்.

"என்னக்கா இங்க உக்காந்திருக்கீங்க?" என்றேன்.

"வூட்டுல உக்காந்திருக்கேன். நீ யாரு தம்பி, கேக்காம உள்ள வந்துட்ட?"

நான் உண்மையாகவே ஒரு அடி பின்னால் போனேன். அதைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு புடவையில் தெறித்தது.

அவர் மனைமேல்தான் மிராசுதாருக்குக் கண். பண்ணைக்குப் புதிதாக டிராக்டர் வந்திருந்தது. வாய்க்கால் மதகைத் தாண்டி அது வயலில் இறங்க வேண்டுமானால் அந்தக் கோடி மனை வழியாகத்தான் இறங்க வேண்டும். பட்டாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் காலம் முழுக்க மாட்டுக்கொட்டகையிலேயே இருந்துகொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள் என்று காரியக்காரர் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். காரியக்காரர் என்றால் பண்ணையின் வேலைகளையும் ஆட்களையும் பார்த்துக்கொள்கிறவர். மனை வேண்டும் என்றால் இப்போதே கொட்டகையைக் காலிபண்ண வேண்டும். அந்த அக்கா அன்றே மறைப்பைப் பிரித்துக்கொண்டு வந்துவிட்டார். பகலெல்லாம் தன் மனையில் உட்காருவார், இரவில் கொழுந்தன் குடிசையில் ஒண்டிக்கொள்வார். ஐப்பசி மழைக்குள் வீடு நின்றால் மனை அவருடையது. நிற்காவிட்டால் அந்தப் பள்ளத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், அவர் மாட்டுக்கொட்டகைக்குத் திரும்பிப் போக வேண்டியதுதான், டிராக்டருக்கு வழி கிடைத்துவிடும். இது ஊரில் ஆடு மேய்க்கிறவருக்கும் தெரிந்த கணக்கு.

நான் போனபோது அங்கே நடந்துகொண்டிருந்த தவற்றை வேறு எந்த ஊரிலும் பார்த்திருக்க முடியாது. அவரவர் மனையைச் சுற்றிக் கயிறு கட்டி, வரப்பு வெட்டி, அந்த வரப்புக்குள்ளேயே குழி தோண்டி மண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் குழி ஒருவர் எல்லையை ஒரு விரற்கடைகூடத் தாண்டவில்லை. பிறந்ததிலிருந்து அடுத்தவனுக்கு வரப்பு கழித்து, வரப்பு கட்டி, வரப்பைத் தாண்டினால் அடி வாங்கி வளர்ந்தவர்கள். தங்களுக்கென்று நாலு வரப்பு கிடைத்ததும் அதற்குள் குந்திக்கொண்டார்கள். இருப்பதே கையகல மனை. அதில் பாதி குழி, மீதியில் சுவர். குழியின் விளிம்பிலேயே சுவர் எழுப்பினார்கள்.

"இது நிக்காது," என்றேன்.

"இந்த ஊரு மண்ணு ஒனக்குத் தெரியுமா?" என்றார் அந்த அக்காவின் கொழுந்தன். அவர் மனை இவர் மனையை ஒட்டியது. கட்டையான ஆள், கோபக்காரர்.

"மண்ணு தெரியாது. சுவரு விழுறது தெரியும்."

ஆவணியில் ஒரு சின்ன மழை. காலையில் போய்ப் பார்த்தால் இடுப்பளவு எழும்பியிருந்த சுவர்களெல்லாம் எருமை குளத்தில் படுப்பதுபோலக் குழிக்குள் படுத்திருந்தன. யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கொழுந்தன் மட்டும், "வாய வெச்சிட்டான்யா," என்று காறித் துப்பினார்.

அதன்பிறகு உட்கார்ந்து பேசினோம். மனைகள் எல்லாம் இரண்டு வரிசை. இரண்டு வரிசைக்கும் பின்பக்கம் ஒன்றையொன்று பார்த்து இருந்தது. ஒவ்வொருவரும் பின்னால் ஒரு கீற்று அகலம் விட்டுக்கொடுத்தால் நடுவில் எல்லோருக்கும் பொதுவாய் ஒரு குட்டை வெட்டலாம் என்றேன். அந்த மண் எல்லா வீட்டுக்கும் அடித்தளம் போடவும் சுவர் வைக்கவும் போதும். பள்ளத்துத் தண்ணீரும் அதில் வடியும். யாரும் மிராசுதாரின் குளத்துப் பக்கம் போக வேண்டியதில்லை. நல்ல யோசனைதான், எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் மண்வெட்டியை எடுக்கவில்லை.

"மொத மொதலா சொந்தமா கெடச்சது," என்றார் கொழுந்தன். "அதுல ஒரு துண்ட ஊருக்குக் குடுன்னா எப்படிக் குடுக்கிறது? ஒனக்கு மனை இருக்கா?"

"இல்ல."

"அதான் வாய் நீளுது."

நான் எழுந்து தரங்கம்பாடிக்குப் பஸ் ஏறிவிட்டேன். கோபித்துக்கொண்டு போனதாக நினைத்தார்களாம். பாதி உண்மை. மீதி, அந்த அக்கா கேட்ட ஒரு சாமான்.

அவர் கேட்டது கதவு. கூரையைக் கேட்கவில்லை, சுவரைக் கேட்கவில்லை. "மொதல்ல கதவு வேணும் தம்பி. உள்பக்கம் தாழ்ப்பாளோட." எனக்கு எரிச்சலாக இருந்தது. மழை வருகிறது, மண் இல்லை, மூங்கில் இல்லை, இவருக்குக் கதவு. கேட்டேன். அவர் தன் வழக்கத்துக்கு மாறாக, சிரிக்காமல் சொன்னார்.

பண்ணைக் குடிசைகளுக்குக் கதவு வைக்கக் கூடாது. யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் வைத்தவர்கள் இல்லை. தென்னங்கீற்றில் முடைந்த படல் ஒன்றுதான். காரியக்காரர் விடியலில் வருவார், கையில் இருக்கும் கம்பால் படலை ஓங்கி ஒரு அடி அடிப்பார். உள்ளே இருப்பவர்கள் அள்ளிப் பிடித்துக்கொண்டு எழுந்து ஓட வேண்டும். எழத் தாமதித்தால் கம்பு படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும். உள்ளே யார் எப்படிப் படுத்திருக்கிறார்கள் என்று கம்புக்குத் தெரியாது. "பொண்ணுக்குக் காய்ச்சல்னு படுத்திருந்தா ஒரு நா. அதையும் தட்டித்தான் எழுப்புனாங்க," என்றார்.

தரங்கம்பாடியில் என் பழைய ஒப்பந்தக்காரர் கடலோரத்தில் ஒரு பெரிய வீட்டை இடித்து முடித்திருந்தார். யாரோ வெள்ளைக்காரன் காலத்து வீடு. அதன் கதவுகளெல்லாம் விலைபோய்விட்டன. ஒரே ஒரு கதவு நிலையோடு கிடந்தது. கீழ்ப்பலகையில் கரையான். "தூக்க முடிஞ்சா தூக்கிட்டுப் போடா," என்றார். மீன் ஏற்றி வந்து வெறும் வண்டியாகத் திரும்பிய ஒரு மாட்டுவண்டியில் கெஞ்சி ஏற்றினேன். வழிநெடுக வண்டிக்காரர் அந்தக் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். "எந்த அரமனைக்கு?" என்றார். ஊர் பெயரைச் சொன்னேன். "அங்க ஏது அரமன?" என்றார்.

தேக்குக் கதவு, ஆள் உயரத்துக்கு மேல். முழங்கை நீளத்துக்கு இரும்புத் தாழ்ப்பாள். கரையான் அரித்த பலகையைத் தச்சர் ஒருவர் கழற்றிவிட்டு வேம்புப் பலகை வைத்துக் கொடுத்தார். மண்சுவர் வீட்டில் நிலையை முதலில் நட்டுவிட்டுத்தான் இரண்டு பக்கமும் சுவர் எழுப்புவார்கள். ஆகவே புரட்டாசி பிறந்த ஒரு காலையில், அந்தக் கோடி மனையில், சுவர் வரவேண்டிய கயிற்றுக் கோட்டின்மேல், நிலையை நட்டுக் கதவையும் மாட்டினோம். சுற்றிலும் ஒன்றும் இல்லை. வெட்டவெளியில் ஒரு கதவு. தெருவே கூடி நின்று சிரித்தது. நானும் சிரித்தேன். அக்கா மட்டும் மஞ்சள் பூசி, பொட்டு வைத்து, கதவைச் சாத்தித் தாழ் போட்டுப் பார்த்தார். திறந்தார். மறுபடி போட்டார். அன்று முதல் அங்கேயே மூன்று கல்லை வைத்துப் பொங்க ஆரம்பித்தார். இரவுக்கும் கொழுந்தன் குடிசைக்குப் போகவில்லை. ஒரு கோணியைப் போர்த்திக்கொண்டு கதவுக்குப் பின்னால் படுத்துக்கொண்டார்.

சம்பா நடவு தொடங்குகிற சமயம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ காரியக்காரர் வந்தார். கையில் குடை, மற்றக் கையில் கம்பு, காலில் வார்ச் செருப்பு. நாங்கள் எல்லோரும் மனைகளில் ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டிருந்தோம். அவர் நேராகக் கோடி மனைக்கு வந்தார். கதவு சாத்தியிருந்தது.

"ஏய்! நடவுக்கு வரல? நாத்து முடி கட்டிக் கெடக்கு. என்ன கூத்து இது?"

கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. "யாருங்க?"

"யாரா? என் சத்தம் தெரியல ஒனக்கு?"

"கதவு சாத்தியிருக்குங்க. ஆள் தெரியல. தட்டுங்க, தொறக்குறேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். காரியக்காரர் இடப்பக்கம் பார்த்தார். வெட்டவெளி. வலப்பக்கம் பார்த்தார். அங்கேயும் வெட்டவெளி. அக்கா உட்கார்ந்து அடுப்பை ஊதிக்கொண்டிருப்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. கம்பை உயர்த்தினார். படலை அடித்துப் பழகிய கை. தேக்குக் கதவைப் பார்த்ததும் அந்தக் கை எதற்கோ தயங்கியது. இறக்கிக்கொண்டார். பிறகு நிலையைச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்தார்.

"கட்டாந்தரையில கதவ நட்டு வெச்சுக்கிட்டு..."

"நில்லுங்க," என்றார் அக்கா. எழுந்திருக்கவில்லை. "வூட்டுக்குள்ள வந்துட்டீங்க. செருப்பக் கழட்டிட்டு வாங்க."

அந்த ஊரில் மிராசுதார் தெருவுக்குள் நுழையும்போது எங்கள் பக்கத்து ஆட்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் வந்த முதல் வாரமே ஒருத்தர் சொல்லிக் கொடுத்தார், தெரியாமல் போய் அடிபடாதே என்று. அதனால் அக்கா சொன்னதைக் கேட்டதும் சிரித்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

"எது வூடு? சொவரு எங்கடி?"

"சொவத்துக்கு மண்ணு இல்லேன்னுட்டாரே ஒங்க மொதலாளி. மண்ணு வரும்போது சொவரு வரும். இது வூடுதான். பட்டாவுல போட்டிருக்கு. உள்ள வர்றதுன்னா செருப்பக் கழட்டுங்க. இல்லேன்னா வெளிய நின்னு பேசுங்க. ரெண்டும் நல்லதுதான்."

காரியக்காரருக்கு ஒரு கால் கயிற்றுக் கோட்டுக்கு உள்ளே, ஒரு கால் வெளியே. இரண்டையும் பார்த்தார். எங்களைப் பார்த்தார். எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று எண்ணினார்போல இருந்தது. பிறகு உள்ளே வைத்த காலை எடுத்து வெளியே வைத்தார்.

"கழட்ட மனசு வரல, வெளிய போயிட்டாரு!" என்று ஒரு பெண் குரல் பின்னாலிருந்து வந்தது. அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. தெருவே சிரித்தது. நான் எத்தனையோ ஊரில் எத்தனையோ கூட்டம் கேட்டிருக்கிறேன், கொடி பிடித்திருக்கிறேன், தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அந்தச் சிரிப்புக்கு ஈடாக ஒன்றைக் கேட்டதில்லை.

அவர் குடையை விரித்துக்கொண்டு திரும்பி நின்று சொன்னார்: "இந்தத் தெருவுக்கு இனிமே நடவு இல்ல. அறுப்பும் இல்ல. கதவத் தின்னுங்க."

சிரிப்பு அத்தோடு நின்றது. நடவுக் கூலியை நம்பித்தான் அந்தத் தெருவில் உலை வைப்பார்கள். அன்று மத்தியானமே கொழுந்தன் வந்தார்.

"எல்லார் வயித்துலயும் மண்ணப் போட்டுட்டியே அண்ணி. தாழ்ப்பாள் போட்டா சோறு வருமா?"

"வராது."

"அப்புறம் எதுக்கு இந்த வீம்பு? ஒருத்தி கதவுக்கு ஊரே பட்டினி கெடக்கணுமா?"

"நீ வேணும்னா போ. படல் கட்டிக்கிட்டு மேட்டுலயே இரு. விடிஞ்சா கம்பு வரும், எந்திரிச்சு ஓடு. நான் தடுக்கல." அக்கா சோற்றுப் பானையை இறக்கி வைத்தார். "இந்தா, கொஞ்சம் கஞ்சி இருக்கு. திட்டுறதத் தின்னுட்டுத் திட்டு."

அவர் குடிக்கவில்லை. தெருவில் பாதிப் பேர் அவர் பக்கம்தான். அதில் நியாயமும் இருந்தது. பசியைப் பற்றி வீரமாக எழுதுகிறவர்கள் பசித்திருந்தவர்கள் இல்லை. பசித்தால் தலை சுற்றும், அடுத்தவர் மேல் எரிச்சல் வரும், அவ்வளவுதான். அந்த அக்காவோடு இரண்டு நாள் யாரும் பேசவில்லை. அக்காவும் மூட்டையைக் கட்டிப் பட்டாவைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். கேட்டேன்.

"பயந்தா கட்டலாம். கோவத்துல இருக்கும்போது மூட்ட கட்டக் கை வராது," என்றார்.

அடுத்த நாள் காரியக்காரர் ஆள் அனுப்பிக் கொழுந்தனை மட்டும் கூப்பிட்டார். போனார். திரும்பி வரும்போது முகம் கறுத்திருந்தது. நேராகத் தன் மனைக்குப் போனார், கயிற்றை அவிழ்த்தார், பின்பக்கத்து வரப்பை மண்வெட்டியால் ஓங்கி வெட்டினார். ஓடிப்போய் என்ன என்று கேட்டேன்.

"எனக்கு மட்டும் வேல குடுப்பாராம். அண்ணிய வெரட்டிட்டா அந்த மனையில பாதிய எனக்கே சேத்துத் தர்றாராம், மீதியில டிராக்டர் போவுமாம்." இன்னொரு வெட்டு. "அது எங்க அண்ணன் பேருக்கு வரவேண்டியது. யாரு மனைய யாருக்கு யாரு குடுக்குறது?" இன்னொன்று. "என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற, கூடைய எடு!"

இப்படித்தான் குட்டை வெட்டத் தொடங்கினோம். ஒருவர் வரப்பு உடைந்ததும் பக்கத்து வரப்பு உடைந்தது. மாலைக்குள் பின்பக்கமெல்லாம் ஒரே திடல். கோடு எங்கே இருந்தது என்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

காரியக்காரர் எங்களைத் தண்டிக்க நினைத்தார். உண்மையில் எங்களுக்கு இல்லாமல் இருந்தது ஆள்தான். நடவு இருந்தால் விடிந்ததும் எல்லோரும் வயலுக்குப் போய்விடுவார்கள், இருட்டிய பிறகு வந்து ஆளுக்கு ஒரு கூடை மண் போட்டால் உண்டு. இப்போது தெருவே சும்மா இருந்தது. யார் வீட்டை முதலில் எழுப்புவது என்று கேட்டபோது, குடிசை இல்லாதவர் வீடு முதலில் என்று கொழுந்தனே சொன்னார். சொல்லிவிட்டு, "அந்தக் கதவு வெயில்ல காஞ்சு வெடிச்சிரும்," என்று சேர்த்துக்கொண்டார், அண்ணிக்காகச் சொன்னதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்று.

நான் பழகிய அரிசி ஆலைக்குப் போய் வண்டி நிறைய உமி கொண்டுவந்தேன். பெண்கள் உமியைக் கொட்டி, தண்ணீர் விட்டு, மண்ணை மிதித்தார்கள். நடவில் நிற்பதுபோலவே வரிசை பிடித்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரே தாளத்தில் பின்னோக்கி மிதித்துக்கொண்டே போனார்கள். வயலில் பாட வேண்டிய பாட்டெல்லாம் அந்தச் சேற்றில் பாடினார்கள். மிராசுதார் பெயரை வைத்துப் புதிதாகவும் சில வரிகள் கட்டினார்கள். அதை இங்கே எழுத முடியாது. ஆண்கள் உருண்டை பிடித்துச் சுவர் வைத்தார்கள். ஒரு படை வைத்தால் அது காய்ந்த பிறகுதான் அடுத்த படை. அவசரப்பட்டால் தொந்தி தள்ளி விழுந்துவிடும். அதில் மட்டும் என் பேச்சைக் கேட்டார்கள். வானத்தைப் பார்ப்பது, சுவரைத் தொட்டுப் பார்ப்பது, மறுபடி வானத்தைப் பார்ப்பது என்று நாள் போனது.

சோறு இல்லை. வாய்க்காலில் நண்டு பிடித்தோம், வயலோரத்தில் நத்தை பொறுக்கினோம், கீரையைக் கிள்ளினோம். பக்கத்து ஊரில் வேலை கிடைத்தவர்கள் கொண்டுவந்ததை ஒரே பானையில் போட்டுக் கஞ்சி காய்ச்சினோம். நத்தைக்கறி எனக்கு முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறகு ஒத்துக்கொண்டது.

பண்ணையில் நடவு நிற்குமா? வெளியூரிலிருந்து பெண்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து நட்டார்கள். வாய்க்கால் கரையில்தான் வண்டி போக வேண்டும். இடுப்பளவு மண்சுவருக்கு நடுவில் பெரிய தேக்குக் கதவு நிற்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னார்கள்.

"இது என்னடி, கோயிலா?" என்று வண்டியிலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"எங்க வூடு," என்றார் அக்கா.

"அம்மாடி! உள்ள தாழ்ப்பா இருக்கா?"

"வந்து போட்டுப் பாரு."

இறங்கி வந்து, ஒவ்வொருத்தியாகத் தாழ்ப்பாளைப் போட்டும் எடுத்தும் பார்த்தார்கள். பிறகு வண்டியேறிப் போய் நடவு நட்டார்கள். எங்கள் பெண்களில் சிலர் அவர்களைத் திட்டினார்கள். அக்கா திட்டவில்லை. "அவளுக்கும் வயிறுதான்," என்றார். மறுநாள் வரும்போது அந்தப் பெண்கள் தங்கள் ஊரிலிருந்து ஆளுக்கு இரண்டு முடைந்த கீற்று கொண்டுவந்து கதவருகே போட்டார்கள். அதற்கு மறுநாளும் போட்டார்கள். இந்தச் செய்தி எப்படியோ பரவி, கதவைப் பார்க்க அக்கம்பக்கத்துச் சேரிகளிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வெறுங்கையோடு வந்தவர்கள் குறைவு. ஒரு கீற்று, ஒரு மூங்கில், கொஞ்சம் கயிறு. மிராசுதாரின் தோப்பில் ஒரு மட்டையைக்கூட நாங்கள் தொடவில்லை. தொட்டார்கள் என்று வழக்குப் போட ஆள் விட்டுப் பார்த்தார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை.

என்னைத் தேடி ஒரு போலீஸ்காரர் வந்தார். வெளியூர்க்காரன் வந்து கலகம் பண்ணுகிறான் என்று புகாராம்.

"நீ யாரு? ஒனக்கு இங்க என்ன வேல?"

"வீடு கட்டுறேங்க."

"யாரு வீடு? ஒன் வீடா?"

"இல்லீங்க."

"அப்புறம் ஒனக்கு என்னய்யா வந்துச்சு?"

அந்தக் கேள்வியை அதற்குப் பிறகும் பல ஊரில் பல பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அன்று கொழுந்தன் முன்னால் வந்து, "எங்க அண்ணிக்குச் சித்தப்பா மவன்," என்றார். எந்த முகச்சாயலை வைத்துச் சொல்கிறார் என்று போலீஸ்காரர் என்னையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். அக்கா கொஞ்சம்கூட அசையாமல், "சின்ன வயசுலயே ஓடிப்போனவன். இப்பத்தான் வந்திருக்கான்," என்றார். அதில் பாதி உண்மை.

அரசாங்கம் ஏழைகளுக்கு வீடு கொடுத்தது என்று இப்போது மேடையில் பேசுகிறார்கள். அந்தத் தெருவைப் பொறுத்தவரை அது சரியில்லை. ஒரு தாளைக் கொடுத்தது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை, அந்தத் தாள் இல்லாவிட்டால் அக்கா அன்று அப்படிப் பேசியிருக்க முடியாது. ஆனால் அந்தத் தாளுக்கு மேல் சுவர் வைத்தது மிதித்த கால்கள். கூரை போட்டது யார் யாரோ. நன்றி யாருக்காவது சொல்ல வேண்டுமானால் அவர்களுக்குச் சொல்லுங்கள், அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது.

கூரையின் கடைசிக் கீற்றைக் கட்டிக்கொண்டிருந்தபோது மழை வந்தது. ஐப்பசி மழை சொல்லிவிட்டு வராது. மத்தியானம் வெயில் அடித்தது, அரை நாழிகையில் வானம் எருமைத் தோலாகிவிட்டது. எங்கேயோ வாய்க்கால் கரையும் உடைந்து தண்ணீர் பள்ளத்துக்குள் இறங்கியது. எலி வளையா, யாராவது வெட்டிவிட்டார்களா என்று இன்றுவரை தெரியாது. கொழுந்தனும் நானும் இன்னும் சிலரும் கரையில் படுத்துக்கொண்டு மண்கட்டியை வைத்து உடைப்பை அடைத்தோம். திரும்பி வந்தபோது வாய்க்கால் தண்ணீர் அக்கா வீட்டு அடித்தளத்தைத் தொட்டுக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. தொட்டது, ஏறவில்லை. நான் கையால் சுவரின் அடியைத் தடவிக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தேன். ஈரம் ஒரு சாண் ஏறியிருந்தது. அதற்கு மேல் காய்ந்த மண். விழுகிற சுவரின் சத்தம் எனக்குத் தெரியும். அந்தச் சத்தம் வரவில்லை.

மற்றவர்கள் வீடு ஒன்றும் எழும்பியிருக்கவில்லை. மேட்டில் நின்ற பழைய குடிசைகளும் கூரை மக்கி ஒழுகின. மழைக்கு ஒதுங்கத் தெரு முழுக்க அந்த ஒரு வீட்டுக்குள்தான் நுழைந்தது. பிள்ளைகள், கோழிகள், கிழவர்கள், பானை சட்டி. நிற்க இடமில்லை. நாங்களும் சேறும் சகதியுமாக நுழைந்தோம். வீட்டுக்காரி உள்ளே இல்லை. வெளியே மழையில் நின்று, மண்வெட்டியால் வீட்டைச் சுற்றி வடிகால் இழுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு குட்டைப் பக்கம் திரும்பியது.

"உள்ள வாங்கண்ணி, நனையிறீங்க," என்று கொழுந்தன் கத்தினார்.

"உள்ள எடம் இருந்தாத்தானே?" என்று அங்கிருந்தே கத்தினார் அக்கா. ஒரு கையால் முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டு, வாசலை அடைத்துக்கொண்டு நின்ற எங்களை ஒரு பார்வை பார்த்தார். "இதுலயே குடும்பம் நடத்திரலாம்னு எவனும் நெனக்காதீங்க. மழ விட்டதும் கொழுந்தன் வூட்டுக்கு நெல நடணும். உமி எவ்வளவு இருக்குன்னு பாரு தம்பி."

நான் உமி மூட்டைகளைப் பார்க்கப் போனேன்.